பயப்படுகிற நாளில் நம்புவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1995 இல் எனக்கு ஒன்பது வயது, யாழ்ப்பாணத்தில் யுத்தம் நடந்த காலம். வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவில் அப்பா ஒரு பங்கர் வெட்டியிருந்தார், மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. உள்ளே ஒரு ஜாம் போத்தல் விளக்கு. அதற்கும் மண்ணெண்ணெய் அளந்துதான் விடவேண்டும். அம்மம்மா என்னை மடியில் இருத்தி வேதாகமத்தின் சங்கீதம் சொல்லுவார். ஒரு நாள் விமானம் மிகவும் பதிந்து போனது. அப்போதுதான் கவனித்தேன், என் தோளில் இருந்த அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. குரல் நிற்கவில்லை, வசனத்தில் ஒரு சொல்லும் பிசகவில்லை, கை மட்டும் நடுங்கியது.

பல வருடமாக அது எனக்கு விளங்கவில்லை. விசுவாசம் இருந்தால் கை ஏன் நடுங்க வேண்டும்? முப்பது வயது தாண்டி, நானே சாமத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கையைத் திரும்ப நினைத்தேன். அம்மம்மா அதிகம் சொன்ன வசனம் சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன நாளில் நம்புவேன் என்று தாவீது எழுதவில்லை. பயப்படுகிற அதே நாளில் நம்புகிறான். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பையும் பாருங்கள், பெலிஸ்தர் அவனைக் காத் ஊரில் பிடித்த நேரம் என்று இருக்கும். கதை 1 சாமுவேல் 21 இல் உண்டு. சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடிய தாவீது, தான் முன்பு கொன்ற கோலியாத்தின் பட்டயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோலியாத்தின் ஊருக்கே போய்ச் சேர்கிறான். பயத்தில் யோசனை எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பிறகு பிடிபட்டதும் பைத்தியக்காரன் போல் நடித்து, கதவில் கீறி, தாடியில் எச்சில் வழியவிட்டுத் தப்புகிறான். நம்புவேன் என்று பாடியவன் இந்த மனிதன்தான். ஆகவே பயந்ததற்காக உங்களை நீங்களே தண்டிக்கத் தேவையில்லை.

படி 1: என்ன பயம் என்று பிரித்து எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள், ஃபோனில் வேண்டாம், ஃபோனைத் திறந்தால் வேறு பத்துச் செய்தி வந்து இன்னும் பயம் காட்டும். பயம் வரும்போது திகதி, நேரம், என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது என்று நாலு வரி எழுதுங்கள். ஒரு கிழமை போதும்.

எழுதும்போது ஒன்று தெரியவரும், நாங்கள் பயம் என்று ஒரே சொல்லால் சொல்வது பல சாமான். லோன் தவணை கட்டக் காசு இல்லை, பிள்ளையின் ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட், வெளிநாடு போன தம்பியிடமிருந்து இரண்டு கிழமையாக அழைப்பு இல்லை, இவை உண்மையான கவலைகள், இவற்றுக்குக் காரணம் வெளியில் இருக்கிறது. ஹெலிகொப்டர் சத்தம், பொங்கல் வெடி, சப்பாத்துக்கால் சத்தம் கேட்டதும் உடம்பு தானாகக் குறுகுவது வேறு. அது பழைய நினைவு, உங்கள் புத்தி "ஒன்றுமில்லை" என்று சொல்லிமுடிக்க முதலே உடம்பு ஓடிவிடும். செய்த பாவம் ஒன்று உறுத்துவதால் வரும் பயம் இன்னொன்று. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள், கனவில் கறுப்பாக ஏதோ வந்தது என்ற பயம் இன்னொன்று. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்பது எல்லாவற்றிலும் கடினமானது.

ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுக்கப் பார்ப்பதுதான் எங்கள் பெரிய பிழை. லோன் பயத்துக்குப் பிசாசைக் கடிந்துகொண்டால் தவணை நிற்காது. பாவ உறுத்தலுக்கு நித்திரைக் குளிசை போட்டால் விடியும்வரைதான் தாங்கும். என் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "செவ்வாய், இரவு 2.10. நாய் ஊளையிட்டது. நெஞ்சு இறுகியது, உள்ளங்கை ஈரம். செத்துப்போவேன் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தது, நான் செத்தால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று." கடைசி வரி எழுதும்வரை நான் நாய்க்குப் பயந்தேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

படி 2: அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள், வாய் திறந்து

எங்களில் பலருக்கு ஜெபம் என்றால் ஒரு தனித் தமிழ். "கிருபையும் இரக்கமும் நிறைந்த பரலோக பிதாவே" என்று தொடங்கி வேதாகமத் தமிழிலேயே முடிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அந்தப் பழைய தமிழ் எனக்கு உயிர், சிறுவயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் சாமம் இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கும்போது அந்தத் தமிழ் வாயில் வராது, வராவிட்டால் ஜெபிக்கவே இல்லை என்று ஆகிவிடும். "ஆண்டவரே, எனக்குப் பயமாக் கிடக்குது, என்னெண்டு தெரியேல்லை, பக்கத்தில இரும்" என்று சொன்னால் போதும். நான் அப்படித்தான் சொல்கிறேன்.

குறை சொல்லவும் பயப்படாதீர்கள். சங்கீதங்களில் பல முறைப்பாடுதான். 88 ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள், மற்றச் சங்கீதங்கள் போலக் கடைசியில் வெளிச்சம் வராது, இருளிலேயே முடிந்துவிடும். அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. அந்த மனநிலையில் இருக்கிறவனும் இரவும் பகலும் தேவனை நோக்கித்தான் கூப்பிடுகிறான், வேறு பக்கம் திரும்பிக் கத்தவில்லை. அவ்வளவுதான் கேட்கப்படுகிறது.

பிலிப்பியர் 4:6 இல் பவுல் கவலைப்படாதிருங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா விடவில்லை, விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தெரியப்படுத்துங்கள் என்று செய்யவேண்டிய வேலையையும் சொல்கிறார். அதனால் கொப்பியில் எழுதிய நாலு வரிக்குக் கீழே நன்றி சொல்லக்கூடிய ஒரு சின்ன விஷயத்தையும் எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். "இன்று கிணற்றுத் தண்ணி நல்லாக இருந்தது" என்றும் எழுதியிருக்கிறேன்.

படி 3: உடம்பை விட்டுவிடாதீர்கள்

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றி, அடுத்து யேசபேல் ராணி அனுப்பிய ஒரு செய்திக்கே பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவன் அவனுக்கு என்ன அனுப்பினார்? பிரசங்கம் அனுப்பவில்லை. தூதன் தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், திரும்பப் படுத்தான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

ஆகவே இரவில் சாப்பிடாமல் படுக்காதீர்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள். பயத்தில் இருக்கும் மாதத்தில் நீண்ட உபவாசம் எடுக்காதீர்கள், இதைப் பற்றி என்னோடு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சாப்பாடும் நித்திரையும் இல்லாத உடம்பில் பயம் இரட்டிப்பாகும் என்பதை நான் பட்டு அறிந்தேன். நெஞ்சு இறுகும்போது கால் இரண்டையும் நிலத்தில் பதித்து இருங்கள். "நான் பயப்படுகிற நாளில்" என்று மூச்சை மெதுவாக இழுங்கள், "உம்மை நம்புவேன்" என்று அதைவிட மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை. மூச்சு இறங்கினால் இதயத் துடிப்பும் இறங்கும், அப்படித்தான் அவர் எங்களைப் படைத்திருக்கிறார்.

அடுத்தது வைத்தியம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, வேலை செய்ய முடியவில்லை, வீட்டைவிட்டு வெளிக்கிட முடியவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லி அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அதற்கும் அழைக்கலாம். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எங்கள் மண்ணில் சுவிசேஷம் வந்த விதத்தை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1847 இல் சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் வந்து, மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்ததோடு, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஜெபித்தவர்களே மருந்தும் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் சண்டை மூட்டியது பிறகு வந்த நாங்கள்தான்.

படி 4: ஒரே ஒரு வாக்குத்தத்தம், மூன்று கிழமை

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பயத்தில் இருக்கும்போது விரல் புலம்பலில் போய் நின்றால் அன்று முழுவதும் அதுவே ஓடும். ஒரு வசனத்தைத் தெரிந்தெடுத்து மூன்று கிழமை அதோடேயே இருங்கள். சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, படுக்கும்போது. கையால் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஏசாயா 41:10 நல்லது. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." வேதத்தில் பயப்படாதே என்று 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள், எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்குச் சரிவராது. கணக்குத் தேவையும் இல்லை. ஒவ்வொரு முறையும் பயப்படாதே என்றபின் என்ன காரணம் சொல்கிறார் என்று பாருங்கள், அதுதான் முக்கியம். பெரும்பாலும் காரணம் "நான் உன்னுடனே இருக்கிறேன்" என்பதாகவே இருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்பினால் உனக்கு ஒன்றும் நடக்காது என்று எங்கள் ஊரில் நின்றுகொண்டு யாரும் சொல்ல முடியாது. 1995 யூலை 9 அன்று நவாலியில் புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் விசுவாசம் இல்லாதவர்களா? அவர்களுடைய குடும்பத்தவர்கள் இன்றும் ஜெபிக்கிறார்கள். ராஜாவின் சிலையை வணங்காததற்காக எரிகிற சூளையில் போடப்படவிருந்த மூன்று எபிரெய வாலிபர் அந்தச் சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று முதலில் சொல்லி, அப்படி விடுவிக்காவிட்டாலும் சிலையை வணங்கமாட்டோம் என்று அடுத்த மூச்சில் சொன்னார்கள். தானியேல் 3. ஆபத்து வராது என்று ஒரு வாக்கும் அவர்கள் கையில் இருக்கவில்லை. ஆபத்திலும் அவர் கூட இருப்பார் என்பதைத்தான் பிடித்தார்கள், சூளைக்குள் நாலாவது ஆள் நின்றார்.

படி 5: ஆவிக்குரிய போராட்டத்தில் நிற்பது

இங்கேதான் எங்கள் சனம் அதிகம் குழம்புகிறது. ஞாயிறு ஆராதனை, கிழமை நாளில் சாத்திரியிடம் போய் நூல் கட்டுவது. வாசலில் எலுமிச்சம்பழம், தலையணைக்குக் கீழே வேதம், பேர்ஸுக்குள் தகடு. அயலவர் தங்கள் நம்பிக்கையின்படி செய்வதை நான் பேச வரவில்லை, அது அவர்களுடைய வழி. கிறிஸ்துவுக்குள் இருக்கிறேன் என்று சொல்கிற நாங்கள் இரண்டு பக்கமும் கை நீட்டும்போது, ஒருவரையும் முழுதாக நம்பாத நிலைக்கு வந்துவிடுகிறோம், அப்போது பயம் கூடத்தான் செய்யும். நூல் இருந்தால் கழற்றுங்கள். தனியாகக் கழற்றப் பயமாக இருந்தால் போதகரையோ நம்பிக்கையான ஒரு விசுவாசியையோ கூட வைத்துக்கொண்டு, ஜெபித்துவிட்டுக் கழற்றுங்கள்.

யாக்கோபு 4:7 இல் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிறகு பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்போது அவன் ஓடிப்போவான். நாங்கள் முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதைச் சத்தம் போட்டுச் செய்கிறோம். எபேசியர் 6 இல் சர்வாயுதவர்க்கம், அதாவது தேவன் தரும் முழுப் போராயுதம் பற்றிப் படிக்கும்போதும் கவனியுங்கள், நில்லுங்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, பேயைத் தேடித் துரத்துங்கள் என்று இல்லை. வெற்றி சிலுவையில் ஏற்கெனவே எடுக்கப்பட்டாயிற்று, கொலோசெயர் 2:15. எங்கள் வேலை அந்த இடத்தைவிட்டு நகராமல் நிற்பது.

குற்றம் சாட்டும் குரலைக் கண்டுபிடிக்க ஒரு வழி. பரிசுத்த ஆவியானவர் உணர்த்தினால் குறிப்பாக உணர்த்துவார், "நேற்று அக்காவிடம் பொய் சொன்னாய், போய்ச் சொல்லு" என்று, செய்யவேண்டியதும் கூடவே தெரியும், செய்தால் பாரம் இறங்கும். எதிராளியின் குரல் பொதுவாகக் குற்றப்படுத்தும், "நீ ஒன்றுக்கும் உதவாதவள், உன்னை அவர் கேட்கமாட்டார்" என்று. அதில் போக வழி ஒன்றும் இருக்காது. முதலாவதுக்கு மனந்திரும்புங்கள். இரண்டாவதுக்கு ரோமர் 8:1 ஐச் சத்தமாக வாசியுங்கள், கிறிஸ்து இயேசுவுக்கு உட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. "உங்கட வீட்டில ஒரு கட்டு இருக்கு, நாற்பது நாள் ஜெபிக்க வேணும்" என்று சொல்லி, போகப்போகக் காணிக்கை கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடமும் ஒருவர் வந்தார், நான் காசும் கொடுத்தேன். அவர் வந்துபோன ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம் கூடியது. 2 தீமோத்தேயு 1:7 தேவன் தருவது பயமுள்ள ஆவியல்ல, பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவி என்கிறது. ஒரு ஊழியர் வந்துபோனபின் உங்களுக்குத் தெளிவு கூடுகிறதா, பயம் கூடுகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு கேள்வி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது.

படி 6: ஒருவரிடமாவது சொல்லுங்கள்

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், இங்கே கதை எவ்வளவு கெதியாகப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் போதும். சொன்னதை வைத்திருக்கக்கூடியவர், உடனே புத்தி சொல்லாதவர், பிறகும் உங்களுக்கு ஃபோன் எடுத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்.

நான் முதலில் சொன்ன ஆள் "பிள்ளைக்கு விசுவாசம் காணாது" என்றார். ஆறு மாதம் வாயே திறக்கவில்லை நான். பிறகு ஒரு நாள் ஜெபக்கூட்டம் முடிந்து பாய் மடிக்கும்போது, அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீர் இரவில நித்திரை கொள்ளுறேல்லை என்ன?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். "நானும் அவர் காணாமல் போன வருசம் அப்பிடித்தான். வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." அடுப்படிப் பலகையில் இருத்தி, வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தார். ஜெபிக்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று, இந்தப் பிள்ளை இன்றைக்கு நாலு மணித்தியாலமாவது நித்திரை கொள்ளவேணும் என்று. நாலு மணித்தியாலம் என்று கணக்காகக் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. யாக்கோபு 5:16 ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணச் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

படி 7: சின்னதாக ஒன்றைச் செய்யுங்கள்

இஸ்ரவேலர் கடக்கவேண்டிய யோர்தான் ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஆசாரியர்களின் கால் தண்ணீரில் பட்ட பிறகுதான் ஆறு நின்றது, யோசுவா 3. நின்றபின் இறங்கவில்லை.

பயந்து ஒதுக்கிவைத்த வேலை ஒன்று எல்லோரிடமும் இருக்கும். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்திருப்பீர்கள். ஜெபித்துவிட்டுப் பிரியுங்கள், இன்று பிரிப்பது மட்டும், பதில் நாளைக்கு. ஸ்கானுக்குத் திகதி எடுங்கள். கதைக்காமல் விட்ட தம்பிக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும், கொப்பியில் குறித்துவையுங்கள், ஒரு மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது ஆண்டவர் கூட நடந்து வந்த இடமெல்லாம் அதில் தெரியும்.

படி 8: திரும்பி வரும், வரும்போது

திரும்பி வரும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும். நல்லாக இருந்து மூன்று மாதம் கழித்து ஒரு இரவு பழையபடி நெஞ்சு இறுகும், இவ்வளவு ஜெபித்ததும் வீணா என்று தோன்றும். பவுல், முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் கேட்டார், நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. மாற்கு 9 இல் பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று அழுதான். பாதி நம்பிக்கையோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானது. நீங்களும் முதல் படிக்கே போய் கொப்பியைத் திறவுங்கள், தொடக்கத்திலிருந்து செய்யுங்கள்.

போன மார்கழி 31 இரவு ஆராதனைக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு மணி அடித்ததும் வெளியே எல்லாப் பக்கமும் வெடி. எதிர்பார்த்துத்தான் இருந்தேன், இருந்தும் முதல் வெடிக்கே கால் மடிந்து வாங்குக்குக் கீழே குந்திவிட்டேன், கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற அக்கா ஒன்றும் சொல்லாமல் தானும் கீழே குந்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டைத் தொடர்ந்து பாடினார். இரண்டாவது சரணத்தில் நானும் சேர்ந்தேன். வெடி ஓய இருபது நிமிடம் ஆனது. அதே பாட்டை நாங்கள் மூன்று தடவை பாடினோம்.